பால் கண்ணாடிக்குக் கீழே

நூற்றுப் பதினாறு நாள் ஒரு செடியை மூன்றடிக்குள் வைத்திருப்பது அப்படி ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. தினமும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நாள் பார்க்காமல் விட்டால் செடி தன் போக்கில் போய்விடும்.

தமிழிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், அரபியில் நீங்கள் மாற்றிக்கொள்வதாக. அது எனக்கு நல்லதாகப் போயிற்று, காதர் மைதீன் சார். வாயால் சொல்ல வேண்டியிருந்தால் மூன்று வாக்கியத்துக்கு மேல் வந்திருக்காது. கல்லூரியில் வருகைப் பதிவு எடுக்கும்போது நான் 'உள்ளேன்' என்று சொல்வதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். ஒருநாள்கூட லீவு எடுக்காமல், வருகை போதாது என்று பரீட்சைக்கு முன் என்னை நிறுத்தி வைத்தார்கள். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் பெயர் புஷ்பலீலா. வயது இருபத்தாறு. ஊர் குளச்சல் பக்கம். படித்தது தாவரவியல். பர் துபாயில் ஒரு கிளினிக்கில் ரத்தமும் சிறுநீரும் சோதித்துச் சொல்வது என் வேலை. அன்னபாக்கியம் அக்கா அதே கிளினிக்கில் நர்ஸாக இருந்தாள். அவளும் எங்கள் கடற்கரைக்காரிதான், என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். இரண்டு பேரும் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தோம். பதினான்கு மாதமாக அவள் ஜெயிலில் இருக்கிறாள், நான் வெளியில் இருக்கிறேன். இது இடம் மாறிக் கிடக்கிறது என்று தெரிவிக்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு மீனா பஜாருக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தில், மூன்றாம் மாடி. ஹாலை பிளைவுட் பலகையால் இரண்டாகத் தடுத்திருந்தார்கள். ஒரு பாதியில் நாங்கள், மறு பாதியில் ஷியாமளா. அவள் யாழ்ப்பாணத்துக்காரி, ஒரு கப்பல் கம்பெனியில் டெலக்ஸ் அடிக்கிறவள். எங்கள் பாதியின் கடைசியில் ஒரு சின்ன பால்கனி. மணல் வராமலிருக்க யாரோ அதைக் கண்ணாடி போட்டு அடைத்திருந்தார்கள். நாலடி அகலம், ஆறடி நீளம். ஒருவர் நின்று துணி காயப் போடலாம். இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் உள்ளே வந்துவிட வேண்டும். கீழே மூன்றடி உயரத்துக்குப் பால் கண்ணாடி. வெளிச்சம் வரும், உருவம் தெரியாது. அதற்கு மேலே தெளிந்த கண்ணாடி. எதிர்க் கட்டிடம் இருபதடி தூரத்தில். அங்கே தையல் கடை ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தங்கியிருந்தார்கள். டியூட்டி இல்லாத நேரமெல்லாம் ஜன்னலில் நிற்பார்கள்.

ஆகவே பால் கண்ணாடி முடிகிற கோடுதான் எனக்கு அளவு.

விதை எங்கிருந்து வந்தது என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். யாரும் கடத்திக்கொண்டு வரவில்லை. கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் அறையில் டாக்டர் ஒரு கூண்டில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறார். சந்தையில் மூட்டையாக வாங்குகிற பறவைத் தீனி. கூண்டுக்குக் கீழே ஒரு பூந்தொட்டி. சிந்தின தீனியில் தினை முளைத்திருந்தது. அதன் நடுவே வேறு ஐந்து முளைகள். முதல் ஜோடி இலை விரிந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பறவைத் தீனியில் அந்த விதையும் கலப்பார்கள். முளைக்காதபடி சூடுகாட்டித்தான் போடுவார்கள். ஐந்து தப்பியிருக்கிறது. கஞ்சாச் செடி.

பிடுங்கிக் குப்பையில் போட்டிருக்கலாம். நான் ஒரு காலி பால்பவுடர் டின்னில் மண்ணோடு எடுத்து வந்தேன். 1985 நவம்பர் இருபதாம் தேதி. அன்று காலையில்தான் அக்காவுக்குத் தம்மாமிலிருந்து வேலைக்கான உத்தரவு வந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டாம். துபாய்க்கு வந்த பிறகு நான் கையால் தொட்ட முதல் முளை அதுதான். தாவரவியல் படித்த எவளும் எடுத்துத்தான் வந்திருப்பாள்.

மூன்று வாரம் கழித்து அக்கா துணி எடுக்கப் போனவள் பால்கனியிலிருந்து சத்தம் போட்டாள்.

"ஏட்டி லீலா, இது புளிச்சக்கீரையில்லா! எங்க கிட்டிச்சு ஒனக்கு?"

நான் வாசலில் நின்றேன். அவள் டின்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"குண்டூர் ஆஸ்பத்திரியில நாலு வருசம் இதத்தான் தின்னேன், கேட்டியா. கோங்கூரான்னு சொல்லுவாவ. மெஸ்ஸுல காலையில கோங்கூரா, ராத்திரி கோங்கூரா. அப்பம் வெறுப்பா இருக்கும். இஞ்ச வந்து ஒரு பச்சை எலையக் கண்ணுல காணல பாத்துக்க, இப்பம் நெனச்சா வாயூறுது. வாயில்லாப் பூச்சி மாதிரி இருந்துக்கிட்டு எனக்காக வளத்திருக்கியே மக்கா."

புளிச்சைக்கும் இதற்கும் இலை ஒரே சாயல். இரண்டும் விரல் விரித்த கை போலிருக்கும். ஆனால் புளிச்சையில் விரல்கள் அடியில் சேர்ந்திருக்கும், இதில் ஒவ்வொரு விரலும் தனி. புளிச்சைத் தண்டில் கையைக் குத்துகிற சின்ன முள் இருக்கும், இதில் இல்லை. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் பொய் சொல்லவில்லை, சார். அவள் சொன்னதைத் திருத்தவில்லை. யாரையும் திருத்திப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அது அவளுக்கும் தெரியும்.

அதிலிருந்து செடிகள் அவளுடையதாகிவிட்டன. அரிசி கழுவின தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து வைத்து ஊற்றுவாள். டியூட்டி முடிந்து வந்ததும் வெள்ளை உடுப்பை மாற்றாமலே போய்ப் பார்ப்பாள். அவள் ஊற்றினாள், நான் உயரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

உயரம் ஒன்றுதான் அதில் சிக்கல். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிற சின்ன இடத்தில் அந்தச் செடி நெட்டென்று போகும். ஜனவரி முதல் வாரத்தில் இரண்டரை அடி. நுனி மொட்டிலிருந்து ஒரு சத்து கீழே இறங்கிப் பக்க மொட்டுகளைத் தூங்க வைக்கும். நுனியைக் கிள்ளிவிட்டால் செடி மேலே போவது நின்றுவிடும். ஆனால் ஒன்றைக் கிள்ளினால் இரண்டு வரும். அவற்றை வளைத்துக் கட்ட வேண்டும். கிளினிக்கிலிருந்து காயம் கட்டுகிற துணியை நாடா நாடாவாகக் கிழித்து எடுத்து வந்தேன். நூல் அறுக்கும், துணி அறுக்காது. தண்டை ஒரே நாளில் வளைத்தால் ஒடிந்துவிடும். இன்றைக்கு ஒரு விரல் அகலம், நாளை மறுநாள் இன்னொரு விரல். ஒரு வாரத்தில் அது தானாகவே அப்படி வளர்ந்ததுபோல ஆகிவிடும்.

"எதுக்குட்டி எப்பம் பாத்தாலும் அதுக்க தலையக் கிள்ளுதே?" என்று அக்கா கேட்டாள்.

"அப்பதான் அடியில தழைக்கும் அக்கா."

"பாவம். அது மேல போணும்னு பாக்குது, நீ விடமாட்டேங்கிறே." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "செரி, படிச்சவ சொன்னா செரியாத்தான் இருக்கும்."

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் துபாய் வந்து இரண்டு மாதம் கிளினிக்கில் யாரிடமும் பேசவில்லை. ரிப்போர்ட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவேன். டாக்டர் என்னை ஊருக்கு அனுப்புவதாக இருந்தார். அக்காதான் போய்ப் பேசினாள். "அவளுக்குக் கை பேசும் டாக்டர், வாய்க்கு நான் இருக்கேன்" என்று சொன்னாளாம். அப்படியே இருந்தாள். கடையில் எனக்கு வேண்டியதை அவள் கேட்டு வாங்குவாள். வீட்டுக்காரரிடம், தபால் ஆபீஸில், கோயிலில் பாதிரியாரிடம், எல்லா இடத்திலும் என் பங்கையும் அவளே பேசுவாள். நான் பக்கத்தில் நின்றால் போதும். ஊருக்கு போன் போட்டால்கூட அம்மாவிடம் முதலில் அவள் பேசி, நான் சொல்ல வேண்டியதையும் சொல்லி முடித்துவிட்டு, "இந்தா, ஒரு வார்த்த பேசு" என்று தருவாள். அந்த ஒரு வார்த்தை எனக்கு வரும்.

அவளுடைய ஒப்பந்தம் 1986 மார்ச் இருபதாம் தேதி முடிகிறது. அவள் தம்பி செல்வசிங் தம்மாம் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர் வேலைக்கு அவளுக்காக எழுதிப் போட்டிருந்தான். ஆகஸ்டிலேயே அவர்கள் பதில் போட்டார்கள். கிளினிக் தபால் பெட்டியைத் திறப்பது என் வேலை. அந்தக் கடிதத்தை நான் அவளிடம் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை, என் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். பதில் வராததால் அவர்கள் செல்வசிங்கைக் கேட்டார்கள். அவன் டாக்டருக்கே போன் போட்டான். நவம்பரில் வந்த உத்தரவு நேராக டாக்டர் கைக்குப் போயிற்று. அதை நான் பார்க்கும்போது அக்கா எல்லோருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு கொடுத்தாள்.

"நீ எதுக்கு மொகத்தத் தூக்கி வச்சிருக்கே? தம்மாம் என்ன, சந்திரனா? லெட்டர் போடுவேன்லா."

நான் அழவில்லை. அழுதால் பேச வேண்டிவரும்.

ஜனவரி கடைசியில் குளிர் விட்டது. செடிகள் வேகம் பிடித்தன. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது கீழே தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். பால் கண்ணாடிக்கு மேலே ஒரு நுனி தெரிந்தது. இரண்டு அங்குலம்தான். ஆனால் மூன்று மாடிக்குக் கீழிருந்து எனக்கே தெரிந்தது. எதிர் ஜன்னலில் ஒரு ஆள் பல் தேய்த்துக்கொண்டு நின்றான். எங்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேலே ஓடினால் பால்கனியில் ஷியாமளா. அவளுக்கும் துணி காய அந்த ஒரு பால்கனிதான்; காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, உங்கட காடு ரோட்டை எட்டிப் பாக்குது?" என்றாள். "நாளைக்குப் புலி வருமோ?"

அக்கா பின்னால் வந்து, "புளி வரத்தான் வளக்குதோம், ஷியாமளா. துவையலுக்கு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"ஆனா அக்கா, ஆட்டுக் கொட்டில் மாதிரி ஒரு மணம் வருது. என்ர சட்டையெல்லாம் மணக்குது."

"அது அரிசித் தண்ணி புளிச்ச நாத்தம்."

நான் இடுக்கி நுழைந்து, அவர்கள் உள்ளே போகும்வரை அந்த நுனியின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன், என் தோளால் மறைத்து. எதிரே இருந்த ஆள் வாய் கொப்பளித்துவிட்டுப் போனான். பிறகு கிள்ளினேன். விரலில் பிசின் ஒட்டியது. மூன்று முறை சோப்புப் போட்டும் வாசனை போகவில்லை.

பிப்ரவரியில் அக்கா ஊற்றின தண்ணீர் கீழ் வீட்டுச் சுவரில் இறங்கியது. வாட்ச்மேன் முகம்மது யூசுப் குழாய் பார்க்க வந்தார். பெஷாவர் பக்கத்துப் பெரியவர், எங்களை மகள் என்றுதான் கூப்பிடுவார். அக்கா பெருமையாகச் செடிகளைக் காட்டி, கீரை என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னாள். "சாக், பாய், சாக்! இந்தியன் சாக்!"

அவர் குனிந்து ஒரு இலையைத் தொட்டார். நிமிர்ந்து அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். குழாயை இறுக்கிவிட்டுப் போகும்போது வாசலில் நான் மட்டும் நின்றேன்.

"பேட்டி, யே சாக் மாஃபி. ஜல்தி ஃபேங்க் தோ" என்றார் மெதுவாக. மகளே, இது கீரை இல்லை, சீக்கிரம் தூக்கி எறி என்று. "கல்லிவல்லி, போனால் போகட்டும் என்று இருந்துவிடாதே. இந்த ஊரில் இதற்கு மன்னிப்பு கிடையாது."

நான் தலையை ஆட்டினேன். அவர் நல்ல மனிதர், சொல்லிவிட்டதால் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வாரம் மூன்று மாத லீவில் ஊருக்குப் போய்விட்டார். அவர் போன விமானம் எத்தனை மணிக்கு என்று நான் விசாரித்து வைத்துக்கொண்டேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை.

அந்த வாரத்தில்தான் எனக்கு அந்த யோசனை முழுதாக வந்தது. அதற்கு முன் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். போலீஸ் விசாரணை ஒன்று பெயரில் இருந்தால் யாரும் வேறு நாட்டு வேலைக்குப் போக முடியாது. விசாரிப்பார்கள், கீரை என்று நினைத்து வளர்த்தாள் என்று தெரிந்துகொள்வார்கள், விட்டுவிடுவார்கள். அதற்கு மூன்று மாதம் ஆகும். அதற்குள் தம்மாம்காரர்கள் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். இப்படித்தான் கணக்குப் போட்டேன். முகம்மது யூசுப் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் அவர் பெரியவர், எதையும் கூட்டிச் சொல்கிறவர்.

ஒரு நாள் அக்கா ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். நான் கட்டிலில் உட்கார்ந்து துணியை மடித்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

"ஏட்டி, இதுல புளிப்பே இல்லியே."

அவள் இன்னும் மென்றுகொண்டிருந்தாள். புருவம் சுருங்கியது. முப்பத்துநாலு வயது, பன்னிரண்டு வருடம் நர்ஸ் வேலை. இன்னும் ஒரு நிமிடம் யோசித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

"இங்க மண்ணுல சுண்ணாம்பு ஜாஸ்தி அக்கா. அதான் புளிப்பு ஏறல. பூக்கிற சமயத்துலதான் ஏறும்" என்றேன். ஒரே மூச்சில் வந்தது.

அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "என்னம்மா பேசுதா பாரு! மூணு வருசத்துல இவ்வளவு பேசினதில்ல நீ." வந்து என் தலையில் கை வைத்தாள். "நான் போனாலும் நீ பொழச்சுக்கிடுவே மக்கா. இப்பம் எனக்கு நிம்மதியாச்சு."

இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

போவதற்கு முந்தின நாள், புதன்கிழமை, விருந்து வைப்பதாக அவள் முடிவு செய்துவிட்டாள். கிளினிக்கில் எல்லோருக்கும், ஷியாமளாவுக்கும், கோயிலிலிருந்து நாலு பேருக்கும் கோங்கூரா துவையல். அம்மி கிடைக்காது, மிக்ஸியில் அரைக்க வேண்டும் என்று குறைப்பட்டாள். பதினைந்து பேர். டாக்டரின் இரண்டு பிள்ளைகளும் வருவதாக இருந்தது. அதை நான் எப்படி அனுமதிக்க முடியும்? குழந்தைகள் சாப்பிட்டு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு? செடிகளைப் பிடுங்கி எறிந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பிடுங்கியிருந்தால் அக்கா மனது உடைந்திருக்கும். அந்த வகையில் பார்த்தால் நான் செய்தது பொறுப்பான காரியம்.

மார்ச் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கிளினிக் அடைத்திருக்கிற நேரம். அக்கா பயணத்துக்குப் பெட்டி வாங்கப் போயிருந்தாள். லேபில் ஒரு போன் உண்டு, உள்ளே வருகிற அழைப்பைத்தான் நான் எடுப்பேன், எடுத்து அக்காவிடம் கொடுப்பேன். நானாக ஒரு எண்ணைச் சுழற்றியது அதுதான் முதல் தடவை. சொல்ல வேண்டியதை ஹிந்தியில், தமிழ் எழுத்தில், ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். நாலு முறை சொல்லிப் பார்த்தேன். கட்டிடத்தின் பெயர், மாடி, கதவு எண், பால்கனி. யார் பேசுவது என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் என்றேன். அது பொய்யில் சேராது, அந்தத் தாளிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. வைத்த பிறகு ரிசீவரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், தினமும் துடைக்கிறதுதான்.

சாயங்காலம் வந்தார்கள். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், மொழிபெயர்க்க நீங்கள்தான் வந்தீர்கள். ஆனால் நீங்கள் வருவதற்கு முன் வீட்டில் நடந்தது ஒன்று உண்டு. நாலு பேர் வந்தார்கள், ஒரு பெண் போலீஸும். பால்கனியைத் திறந்ததும் அந்த வாசனை ஹாலுக்கு வந்தது. யாருடையது என்று கேட்டார்கள். நான் சுவரோரம் நின்றேன். உண்மையைச் சொல்லச் சொன்னால் சொல்லியிருப்பேனா என்று இப்போது தெரியவில்லை, ஏனென்றால் அக்கா முந்திக்கொண்டாள்.

"மேரா, மேரா. எல்லாம் நான் வச்சதுதான். கீரை சார், சாக், சாப்பிடுற சாக்." பிறகு என்னைக் காட்டி, "அந்தப் பிள்ளய ஒண்ணும் கேக்காதீங்க. அதுக்கு வாய் கெடையாது. பயந்து சாவும். அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

அவளுக்கு அப்போதும் அது கீரைதான். கீரைக்கு எதற்கு இத்தனை பேர் என்று அவளுக்குப் புரியவில்லை. செடியைப் பற்றி நான் சொல்லிக் கேட்டதுதான் அவளுக்குத் தெரியும், அதைக்கூட அவள் போலீஸிடம் சொல்லவில்லை. படி இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "அடுப்புல பால் இருக்கு, எறக்கி வை" என்றாள். ஸ்டேஷனில் நீங்கள் அவள் சொன்னதை அப்படியே அரபியில் சொன்னீர்கள். எல்லாம் நான் வைத்தது, நான் தண்ணீர் ஊற்றினேன், மூன்று மாதமாக ஊற்றினேன். உங்கள் மேல் தப்பில்லை, சார். அவள் சொன்னதெல்லாம் உண்மை. என்னிடம் உனக்குத் தெரியுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று எழுதிக்கொண்டீர்கள்.

நான்கு வருடம் கொடுத்தார்கள். மூன்று மாதம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் முதல் வெள்ளிக்கிழமை பார்க்கப் போனபோது மனது எவ்வளவு அமைதியாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கம்பி வலைக்குப் பின்னால் அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இருபது நிமிடம் அவள்தான் பேசினாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் அவளுக்கு ஆயிரம் வேலை, ஆயிரம் மனிதர்கள். இப்போது வாரம் முழுக்க எனக்காகச் சேர்த்து வைத்துப் பேசினாள். இந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையும் நான் தவறவிட்டதில்லை. சோப்பு, தேங்காய் எண்ணெய், பேரீச்சம்பழம் எடுத்துப் போவேன். முதல் ஆறு மாதத்தில் அவளுக்கு முன் தலை நரைத்துவிட்டது. ஒரு பல் போய்விட்டது. செல்வசிங் அவன் வேலையிலிருந்து லீவு கிடைத்து ஒரே முறை வந்தான்; இந்தக் கோலத்தில் அவனைப் பார்க்கமாட்டேன் என்று அக்கா அழுதாள். என்னைப் பார்க்க மட்டும் வருவாள்.

"நல்ல வேள, நீ மாட்டாம தப்பிச்சியே" என்பாள் ஒவ்வொரு முறையும். "யாரு காட்டிக் குடுத்தான்னு நெனைக்கே?"

எல்லோரும் ஷியாமளாவைத்தான் நினைத்தார்கள். போன் செய்தது பக்கத்து வீட்டுப் பெண் என்று தெரிந்துவிட்டதல்லவா. கோயிலில்கூட அவளைப் பற்றிப் பேசினார்கள். அவள் ஒரு நாள் என் முன்னால் வந்து நின்று, "லீலா, நான் பகிடிதான் விட்டனான். கர்த்தர் ஆணையாச் சொல்லுறன், நான் சொல்லேல்லை. நீயாவது நம்பு" என்று அழுதாள். நம்புகிறேன் என்றேன். உண்மையாகவே நம்பினேன். அடுத்த மாதம் அவள் ஷார்ஜாவுக்கு வீடு மாறிப் போனபோது அவள் பெட்டியைக் கீழே இறக்க நான்தான் ஒரு கை பிடித்தேன்.

இவ்வளவும் நானாக எழுதியது, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. செடி நான் கொண்டு வந்தது. உயரத்தை நான் பார்த்துக்கொண்டது. போலீஸுக்குச் சொன்னது நான். அன்னபாக்கியம் அக்காவுக்கு அது இன்னதென்று தெரியாது. கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

இனி என்னைக் கூட்டிப் போவார்கள் என்று தெரியும். பெண்கள் ஜெயிலில் நம் ஊர்க்காரர்களுக்கெல்லாம் ஒரே ஹால்தான் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அவள் பக்கத்துக் கட்டில் காலியாக இருக்கிறதாம். வேறு யாரோ ஒருவருடைய கேஸைப் பற்றிப் பேசும்போது நீங்கள் ஒன்று சொன்னீர்கள். தீர்ப்பான பிறகு புதிதாக ஒருவர் வாக்குமூலம் கொடுத்தால் பைல் திரும்ப மேலே போகும், அது முடியும்வரை பைலில் பெயர் உள்ள யாரையும் நாட்டை விட்டு அனுப்ப மாட்டார்கள், ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம் என்று. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

மனசாட்சி உறுத்தி எழுதினாள் என்று மேலே குறிப்பு எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எதையும் மறைக்காமல் எழுதச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை ஜெயில் வாசலில் என்னை நிறுத்தி, அக்காவின் பெயர் மன்னிப்புப் பட்டியலில் வந்துவிட்டது, வருகிற வியாழக்கிழமை அவளை விடுதலை செய்து ஊருக்கு விமானம் ஏற்றுகிறார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். அதுவரை இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.